பங்குனி மாதத்து நீலம்

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடம் உட்கார்ந்து நான் கற்ற பாடம் அதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை வியாதிக்காரர் இனிப்பைக் கையாலும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்; மீசையில் பூந்தி ஒட்டியிருக்கும். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் காபி மட்டும் குடித்தேன் என்பார்கள், காபி ஏதோ காற்றில் சேர்த்தி என்பதுபோல. எல்லோரையும் பொய்யர்கள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் வேலை சுலபமாக இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் பிடித்தும் இருந்தது.

என் பெயர் ஆத்மநாதன். புதுக்கோட்டையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், மலம் மூன்றையும் சோதித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தப்பு செய்தவன் நான், கட்டடம் இல்லை.

காத்தாயி முதன்முதலில் வந்தது அறுபதாம் வருடம் ஆடி மாதம். முப்பது வயது இருக்கும். வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். புருஷன் பிச்சைமுத்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. நகங்கள் குழி விழுந்திருந்தன, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும். விரலில் குத்தி எடுத்த ரத்தம் ரத்தம் மாதிரியே இல்லை. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் அளவு நாலரைதான் இருந்தது.

வழக்கப்படி கேட்டேன். “வேற எதாவது திங்கிற பழக்கம் இருக்கா? அரிசி, சாம்பல், இந்த மாதிரி?”

பிச்சைமுத்து முந்திக்கொண்டு, “அதெல்லாம் இல்லைங்கய்யா” என்றான்.

“அடுப்பு மண்ணு திங்கிறேங்கய்யா” என்றாள் காத்தாயி. “ஒடைஞ்ச அடுப்ப இடிச்சா அத ஒளிச்சு வச்சுக்குவேன். மழை பேஞ்சா வாசல் மண்ணையும் எடுத்து வாயில போடுவேன். நாக்கு கேக்குது.”

பிச்சைமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அப்படி ஒரு ஆசை வரும் என்பது தெரியும். ஆனால் கேட்ட மாத்திரத்தில் மறைக்காமல் சொன்னவள் அவள் ஒருத்திதான் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் வெளுத்துப்போய் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கொக்கிப்புழு. வெறுங்காலோடு வயலில் நிற்கிறார்கள். புழு பாதம் வழியாக ஏறிக் குடலில் தொற்றிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. காத்தாயிக்கும் நுண்ணோக்கியில் முட்டைகள் தெரிந்தன. டாக்டர் ரெங்கராஜ் புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தார். ஐப்பசியில் வந்தாள், முட்டை இல்லை, ரத்தம் ஆறுக்கு ஏறியிருந்தது. மார்கழியில் வந்தாள், முட்டை இல்லை, ரத்தம் மறுபடி ஐந்து. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை புழு மருந்து கொடுத்தார். மாசியில் நாலரைக்கே திரும்பிவிட்டாள்.

டாக்டர் ரெங்கராஜ் நல்ல மனிதர். காலையில் இருநூறு பேரைப் பார்த்துவிட்டுத் தலைவலியோடு என் அறைக்கு வந்து நின்றார். “புழு போயாச்சு. மாத விலக்கு சரியா இருக்கு. மூலம் இல்லை. இரைப்பையில வலி எரிச்சல் எதுவும் இல்லைங்கிறா. ஆனா ரத்தம் மட்டும் போய்க்கிட்டே இருக்கு. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதைதான். குடல்லதான் எங்கேயோ கசியுது ஆத்மநாதன். மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பாருங்க. இருந்துச்சுன்னா மதுரைக்கு அனுப்பிடுறேன். அங்க படம் பிடிச்சுப் பார்த்து, தேவைன்னா வயித்தத் திறப்பாங்க.”

சோதனை எளிது. கொஞ்சம் மலத்தைக் கரைத்து பென்சிடின் என்ற மருந்தை விட வேண்டும். ரத்தம் இருந்தால் நீலமாக மாறும். ஒரே தொல்லை, மருந்துக்கு மனுஷ ரத்தம் ஆட்டு ரத்தம் என்ற பேதம் தெரியாது. முந்தின மூன்று நாளில் கறி, மீன், கருவாடு எது தின்றிருந்தாலும் நீலம் காட்டும்.

மாசியில் செய்த சோதனை நீலம் ஆயிற்று. “கறி தின்னாளா?” என்று கேட்டேன். பிச்சைமுத்து பெருமையோடு சொன்னான். “சந்தைக்குச் சந்தை சுவரொட்டி வாங்கி நெருப்புல வாட்டிக் குடுக்கிறேங்கய்யா. நேத்துக்கூடக் குடுத்தேன். ரத்தம் ஊறும்னு சொன்னாங்க.”

ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கத்தில் சுவரொட்டி என்பார்கள். வெளுத்த பெண்டாட்டிக்கு அதை வாங்கிக் கொடுக்காத புருஷன் புருஷனே இல்லை. எனக்குக் கோபம் வந்தாலும் அவனைத் திட்ட மனம் வரவில்லை. மூன்று நாள் கஞ்சியும் மோரும் மட்டும், இரும்பு மாத்திரையும் வேண்டாம், பிறகு வா என்று அனுப்பினேன்.

அவர்கள் வந்தது பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை அவர்கள் ஊரில் கருப்பருக்குக் கிடா வெட்டு. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வார்டு சிப்பந்தி ஆண்டிச்சாமி அந்த ஊர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனையோலைப் பட்டையில் கட்டிக்கொண்டு வந்து கருப்பர் பங்கு என்று என் வீட்டில் கொடுத்தான். நானும் தின்றேன், நன்றாகவே இருந்தது.

அந்த ஊர் வழக்கம் இது. வெட்டிய கிடாக்களைக் கூறு போட்டு ஒவ்வொரு வீட்டுத் தலைவன் பெயரையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அது சாமி கொடுக்கிற பங்கு. பிள்ளைத்தாய்ச்சி, நோயாளி, பல் இல்லாத கிழவி யாராயிருந்தாலும் ஒரு துண்டாவது வாயில் போட வேண்டும். வேண்டாம் என்பது சாமியை வேண்டாம் என்பதற்குச் சமம். யாரும் சொன்னதில்லை.

சோதனைக் குழாயில் மருந்தை விட்டேன். விட்ட உடனே நீலம், கருநீலம்.

“கறி தின்னியா?”

“இல்லைங்கய்யா.”

“சனிக்கிழமை ஒங்க ஊர்ல கிடா வெட்டு.”

“ஆமாங்கய்யா. நீங்க திங்கக்கூடாதுன்னு சொன்னீங்கன்னு கருப்பர் பங்க வேண்டாம்னுட்டோம். இவரு எல்லார் முன்னாடியும் தொட்டுக் கும்பிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. நான் மோருஞ்சோறுதான் தின்னேன்.”

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் கூசவைக்கிறது. “முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காதே. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். சாமி பங்க வேண்டாங்கிற ஆளு அந்த ஊர்ல இன்னும் பொறக்கலே.”

“மண்ணு திங்கிறத மறைச்சனாங்கய்யா? இத ஏன் மறைக்கப் போறேன்?”

எவ்வளவு நியாயமான கேள்வி. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. பிச்சைமுத்துவைப் பார்த்துச் சொன்னேன். “ஒனக்குத் தெரியாம எங்கிட்டோ தின்னுருக்கா. ஆளுதான் பொய் சொல்லும், இந்தக் குழாய் சொல்லாது. நீ பாரு, எவ்வளவு நீலம். அவள நல்லா அதட்டி வையி.”

அவன் குழாயைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஊர் முன்னால் சாமி பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் வாயில் விழுந்து எழுந்து வந்தவன். வரும்போது முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன், போகும்போது பத்தடி முன்னால் நடந்து போனான்.

நீலம் என்றால் நீலம் என்று எழுதுவதோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்யவேண்டியவர் டாக்டர். நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘நோயாளி இறைச்சி உண்டிருக்கிறார். சோதனை செல்லாது.’ கீழே கையெழுத்தும் போட்டேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு இரும்பு மாத்திரையை இரண்டு மடங்காக்கி அனுப்பினார். மதுரைக்கு அனுப்பவில்லை.

அதன் பிறகு ஆறு மாதம் அவர்கள் வரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

புரட்டாசியில் மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். காலில் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே இருந்தாள். ரத்தம் மூன்றுக்கும் கீழே. டாக்டர் வார்டில் சேர்த்து, “அஞ்சு நாள் இங்கேயே வச்சு மறுபடி பாருங்க” என்றார். நர்ஸ் அழகம்மாள்தான் அவளுக்குப் பாலும் ரொட்டியும் ஊட்டினாள். காத்தாயியைத் தூக்கி உட்காரவைப்பதும் அவள்தான். எழுந்து எங்கும் போக முடியாது. பிச்சைமுத்து வராந்தாவோடு நின்றுகொண்டான். உள்ளே ஏனோ வருவதில்லை.

ஐந்தாம் நாள் சோதித்தேன். நீலம்.

குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். நீலம். மருந்து கெட்டிருக்கும் என்று புதிதாகக் கரைத்தேன். நீலம். கடைசியில் என்னுடையதையே எடுத்துச் சோதித்தேன். புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் கறி கிடையாது. நிறம் மாறவில்லை. அழகம்மாளிடம் ஓடினேன்.

“கறி, மீன், ஏதாவது குடுத்தியாம்மா?”

“என்ன கேள்வி இது? என் கையாலதானே ஊட்டுறேன். அரை ரொட்டி எறங்க மாட்டேங்குது அந்தப் புள்ளைக்கு. கறியாம் கறி!”

அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்படியானால் பங்குனியிலும் அவள் தின்னவில்லை. என் பேச்சைக் கேட்டு, காலம்காலமாக யாரும் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைத்தான் நான் பொய்க்காரி என்று சொல்லி அனுப்பினேன்.

டாக்டரிடம் போய் நீலம் என்றேன். உடனே மதுரைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, “பங்குனியில பார்த்தோமே, அப்ப என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“அப்ப கறி தின்னுட்டு வந்துட்டா சார்” என்றேன்.

யாரும் உண்மை சொல்வதில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். வாய் கூசாமல் சொன்னேன்.

சாயங்காலம் வார்டு வழியாக வந்தபோது காத்தாயி கூப்பிட்டாள். குரல் மேலே எழும்பவில்லை. “இப்பவும் நீலமாங்கய்யா?”

“ஆமாம்மா.”

“இப்பவாவது நம்புறீங்களா?”

பிச்சைமுத்து வராந்தாவில் எங்கள் பேச்சு கேட்காத தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு, இவள் அன்றைக்குத் தின்னவில்லையப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் டாக்டர் காதுக்கும் போகும், என் கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று பயம். “மதுரையில எல்லாம் பார்த்துக்குவாங்கம்மா, தைரியமா போயிட்டு வா” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மழை நாளில் பிச்சைமுத்து வந்தான். தனியாக வந்தான். தலையில் மொட்டை. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

அவன் நிதானமாகவே சொன்னான். மதுரையில் நன்றாகத்தான் பார்த்தார்கள். முனையில் சின்னக் குண்டு கட்டிய நீள நூலை விழுங்கச் சொல்லி, மறுநாள் காலையில் மெதுவாக இழுத்து எடுத்தார்கள். “ரெண்டு முழத்துக்கு நூலு சுத்தமா இருந்துச்சுங்கய்யா. அதுக்குக் கீழதான் ரத்தக் கறை. இரைப்பையில இல்லே, சிறுகுடல் ஆரம்பத்துல இருக்குன்னாங்க. அப்பறம் வெள்ளையா ஒரு மாவக் குடிக்க வச்சு படம் எடுத்தாங்க. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க, ஒண்ணு என்னுது. வயித்தத் தொறந்து கட்டிய எடுத்துட்டாங்க. எனக்குக் காமிச்சாங்க, எலுமிச்சம்பழம் தண்டி. சாதாக் கட்டிதானாம், புத்து இல்லையாம். மூணாம் நாளு நெஞ்சு நின்னுபோச்சு. இவ்வளவு நாளா ரத்தமில்லாம அடிச்சு அடிச்சு நெஞ்சு சோந்துபோச்சுன்னு சொன்னாங்க. ஆறு மாசம் முன்னாடி கொண்டாந்திருந்தா எந்திரிச்சு நடந்து போயிருப்பான்னு அந்த டாக்டரே வருத்தப்பட்டாரு.”

நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன், அவன் உட்காரவில்லை.

“ஒங்களால ஒரு ஒத்தாசை ஆகணுங்கய்யா. கருப்பர் பங்கத் திருப்புனதாலதான் சாமி அடிச்சிருச்சுன்னு ஊர்ல பேசுறாங்க. துக்கத்துக்கு வந்தவங்ககூட வாசலோட நின்னு போயிட்டாங்க. இனிமே என் பேரைக் கூப்பிட்டுப் பங்கு குடுக்கக்கூடாதுங்கிறாங்க. நீங்க படிச்சவங்க. ஒரு எட்டு வந்து, இது சாமி குத்தம் இல்லேன்னு அம்பலகாரர்கிட்டச் சொல்லணும்.”

வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கோயில் முன்னால் ஊர் உட்கார்ந்திருந்தது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசினேன். குடலில் கட்டி வளர்ந்திருந்தது, அதிலிருந்து துளித்துளியாக ரத்தம் கசிந்தது, போன வருடம் ஆடியில் எங்களிடம் வந்தபோதே அது இருந்திருக்கிறது, பங்கைத் திருப்பிக் கொடுத்தது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான் என்று சொன்னேன். திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் நான்தான், குத்தம் என்றால் என் தலையில் போடுங்கள் என்றும் சொன்னேன். பெரிய வீரன் மாதிரி அதை மட்டும் சொன்னேன்.

அம்பலகாரர் தாடையைத் தடவிக்கொண்டார். “அப்ப நோவு முந்தி வந்துருக்கு, பங்கத் திருப்புனது பிந்தி. சாமி குத்தம் இல்லேப்பா. பிச்சைமுத்து பேரு எப்பவும்போல இருக்கட்டும்” என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். வந்த வேலை முடிந்தது, பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாம் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

ரோடு வரைக்கும் பிச்சைமுத்து கூட வந்தான். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது. பாதி தூரம் வந்ததும் நின்றான்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளப்பா.”

“அந்தக் கட்டியில இருந்துதான் ரத்தம் கசிஞ்சுச்சுன்னீங்க. ஆடியில இருந்தே கசிஞ்சுச்சுன்னும் சொன்னீங்க. அப்ப பங்குனியில நீங்க காமிச்சீங்களே நீலம், அதும் அந்த ரத்தந்தானா?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்னை இவ்வளவு தூரம் வரவழைத்திருக்கிறான் என்று அப்போது புரிந்தது. ஊருக்கு முன்னால் கேட்காமல் இங்கே வந்து கேட்கிறான். எனக்கு ஓடிப்போக இடம் இருக்கவில்லை.

“அந்த ரத்தந்தான். அவ கறி திங்கலே பிச்சைமுத்து. அவ சொன்னது நிசம். நான்தான் நம்பாம தப்பா எழுதினேன். அன்னைக்கே மதுரைக்குப் போயிருக்கணும். புரட்டாசியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒன்கிட்டச் சொல்ல தைரியம் வரலே.”

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான்.

“பங்குனியில இருந்து நான் அவகூட மொகங்குடுத்துப் பேசலைங்கய்யா. ஊரு முன்னாடி என்னையத் தலைகுனிய வச்சுட்டு, ஒளிஞ்சு தின்னு சாமியையும் ஏமாத்திட்டாளேன்னு ஆத்திரம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு அவ சொல்லுவா. போயி எதுக்கு, அங்கிட்டும் பொய்யி சொல்லவான்னு சொல்லுவேன். அதான் ஆறு மாசம் வராம இருந்தோம். எத்தன தடவ கேட்டுருப்பேன், எங்க வச்சுத் தின்னே, சொல்லுன்னு. இல்லே, இல்லே, அதத்தான் சொல்லுவா.”

அவன் மண்ணைக் கையால் தள்ளிக்கொண்டே பேசினான்.

“மதுரைக்குப் போற பஸ்ஸுல, திருமயம் தாண்டி என் தோளுல சாஞ்சுக்கிட்டு இருந்தா. இப்பவாவது சொல்லிரு, மனசு ஆறிரும்னு கேட்டேன். சன்னலுக்கு வெளியே பாத்தா. அப்பறம், ஆமா தின்னேன், மன்னிச்சிருங்கன்னு சொன்னா. எனக்கு மனசு லேசாயிருச்சுங்கய்யா. அன்னைக்குத்தான் ஆறு மாசம் கழிச்சு அவ கையப் புடிச்சேன்.”

தூரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் அசையவில்லை.

“எங்க வச்சுத் தின்னேன்னு கேட்டேன்” என்றான் பிச்சைமுத்து. “அதுக்குத்தான்யா அவளால பதில் சொல்ல முடியலே.”